ஐந்து நிமிடம் நிற்கும் ரயில்

பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகும் அந்த ரயில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஐந்து நிமிடம் நிற்கும். வருடத்துக்கு மூன்று தடவையோ நான்கு தடவையோ, அந்த ஐந்து நிமிடத்துக்காக நானும் டீச்சரும் விடியும் முன்பே எழுந்து குளித்துக் கிளம்பிவிடுவோம். டீச்சர் டவுனிலிருந்து வருவாள், நான் பாளையங்கோட்டையிலிருந்து. ரயிலில் வருகிறவள் எங்களோடு கல்லூரியில் படித்தவள். மூன்று பேரும் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. கல்யாணமாகிப் போனதிலிருந்து எங்களுக்கு அவள் பெங்களூர்க்காரி. அவளுடைய மாமியார் நாகர்கோவிலில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் வருவதும் போவதும். டீச்சர் என்று நான் சொல்கிறவள் உண்மையிலேயே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வீட்டில், தெருவில், எங்களிடத்தில் எல்லாம் அவளுக்கு அதுதான் பேர். எனக்கு ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

அந்த நேரத்து பிளாட்பாரம் எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் பார்த்ததுபோலத்தான் நினைவில் இருக்கிறது. குழல் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அவற்றால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. வெளிச்சம் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். கீழே படுத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இது எந்த ஊர் என்று யோசிப்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். தூரத்தில் ரயில் வருவது சத்தமில்லாமல் தெரியும். பெட்டிகள் எங்களைத் தாண்டிப் போகப் போக, ஏதோ ஒரு கதவில் அவள் நிற்பாள். தலையணை மடிப்பு கன்னத்தில் கோடு போட்டிருக்கும். கலைந்த தலையும் கசங்கிய சுடிதாருமாக அந்தக் கதவில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு வயது ஐம்பத்தைந்து என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பிறகு ஒரே பேச்சு.

"ஏட்டி, மெலிஞ்சிட்டியே!"

"நீ கண்ணாடியை மாத்திட்டே. நல்லாத்தான் இருக்கு."

"மாமியாருக்கு எப்படி?"

"நல்லா நடக்கா. லைட்டை மட்டும் அணைக்க விட மாட்டேங்கா. டீச்சர், ஒம் மகனுக்கு என்னாச்சு?"

"வேலை கெடச்சிட்டு. ஹைதராபாத்."

"ஏட்டி, நம்ம தமிழ் மிஸ் போயிட்டாவளாம்."

"எப்ப?"

"பங்குனியில."

"ஐயோ, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

அந்த இடத்தில் ரயில் ஊதும். நான் இட்லிப் பொட்டலத்தையும் டீச்சர் பிச்சிப்பூப் பந்தையும் அவள் கையில் திணிப்போம். அவள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த எதையாவது எங்கள் கையில் திணிப்பாள். தமிழ் மிஸ் போனதைக் கேட்ட முகத்தோடேயே கதவில் நின்றபடி அவள் நகர்ந்து போவாள். அரை மணி நேரம் கழித்து போன் வரும். "நாங்குநேரி வரைக்கும் மிஸ்ஸையே நெனச்சுக்கிட்டு வந்தேன். அவங்க ஒரு கையால சேலை கொசுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறுவாங்கள்லா, அது அப்படியே கண்ணுக்குள்ள நிக்கி."

போனில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. போன் என்றால் உடம்பு, வெயில், பிள்ளைகள் என்று ஒரு சுற்றோடு முடிந்துவிடும். முகம் பார்த்துப் பேசுவதுதான் எங்களுக்குப் பேச்சு.

இத்தனை பேரைப் பற்றிப் பேசுவோம், ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அவளுடைய தம்பி. இதே பாளையங்கோட்டையில்தான் இருக்கிறான். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். அவர்களுக்குள் பேச்சு நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது.

அது அவர்கள் அம்மா இறந்த நாளில் நடந்தது. காலையில் செய்தி போனதும் இவள் புருஷனோடு காரில் கிளம்பிவிட்டாள். வழியில் திண்டுக்கல் தாண்டும்போது தம்பி கூப்பிட்டிருக்கிறான். "வச்சிருக்கோம்க்கா, நீ பைய வா" என்று சொல்லியிருக்கிறான். தான் வரும்வரை எடுக்க மாட்டார்கள் என்று இவள் அந்த வார்த்தையை நம்பி வந்தாள். வீட்டு முன்னால் இறங்கியபோது வாசல் கழுவிவிட்டிருந்தது. நடுவீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. ஆண்கள் எல்லாம் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மழை வரப்போகிறது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பாவும் மற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். இவன் சரி என்றிருக்கிறான். நானும் டீச்சரும் அப்போது அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். அவள் அழவில்லை. ஈரத் தரையையே பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. அதன் பிறகு திருநெல்வேலி அவளுக்கு ரயில் நிற்கிற ஊர் மட்டும்தான். "ஒரு நாளாவது எறங்கேன்டி" என்று டீச்சர் கேட்டால், "மாமியார் பாத்துக்கிட்டு இருப்பா" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. அதைத் தம்பி கடைக்குத்தான் கொண்டுபோனேன். அவன் குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா ரயில்ல போவும்போது நீங்க போய்ப் பாப்பியளாமே" என்றான்.

"ஆமா."

"அடுத்தாப்ல எப்ப?"

சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. அப்போது சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ரயில் கிளம்பிப் போன பிறகு திரும்பிப் பார்த்தால், பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில், மேம்பாலப் படிக்குப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் படியில் ஏறிப் போய்விட்டான். நான் டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவனிடமிருந்து போன் வரும். "அக்கா, மோட்டார் நல்லா ஓடுதா?" "ஓடுது தம்பி. வர்ற சனிக்கிழமை காலைல ஜங்ஷன் வரைக்கும் ஒரு வேலை இருக்கு." "சரிக்கா." அவ்வளவுதான் பேச்சு. அவனும் அதற்கு மேல் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிளாட்பாரத்தில் டீச்சரை இந்தப் பக்கம் பார்த்து நிற்க வைத்துக்கொள்வேன். அவள் கண்ணில் அவன் பட்டுவிடக் கூடாதே என்று.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இரவெல்லாம் மழை. காலையில் ஆட்டோவில் பாலத்தைக் கடக்கும்போது ஆறு செம்மண் கலரில், சத்தமே இல்லாமல், பாலத்துக்குக் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருந்தது. கரையோரத்து மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ரயில் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. வழக்கம்போலப் பேசினோம், வழக்கம்போலப் பொட்டலங்கள் கை மாறின. ஐந்து நிமிடம் முடிந்தது. ரயில் ஊதவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த ஒருவரிடம் டீச்சர் கேட்டாள்.

"ஆரல்வாய்மொழி பக்கம் தண்டவாளத்துல தண்ணி ஏறிட்டும்மா. வடிஞ்சாத்தான் விடுவாங்க. ரெண்டு மணி நேரமும் ஆவலாம், மத்தியானமும் ஆவலாம்."

பெங்களூர்க்காரி படியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள், அடுத்த காலையும் வைத்தாள்.

"ஏழு வருஷம் கழிச்சுத் திருநெல்வேலியில கால் வைக்கேன்" என்றாள்.

ஒரு பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம், அந்தக் காலத்து வரிசையிலேயே, நான் நடுவில். எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறோம், இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்தால் எவ்வளவு பேசலாம் என்று. இப்போது நேரம் கொட்டிக் கிடந்தது, பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி முடித்திருந்தோம். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. பெட்டிகளிலிருந்து இறங்கியவர்கள் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் எங்கேயும் போகிற அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. ரயில் ஒரு தெரு போலவும், அதில் இருப்பவர்கள் வெகுகாலம் அங்கேயே குடியிருப்பவர்கள் போலவும் எனக்குத் தோன்றியது.

வழக்கமாக ரயில் போனதும் ஆள் கலைந்துவிடும். அன்றைக்குக் கலையவில்லை. ஆனால் எல்லாரும் கூரைக்கு நடுவாக ஒதுங்கிவிட்டதால் பிளாட்பாரத்தின் கடைசி வெறுமையாகக் கிடந்தது. அங்கே, மேம்பாலப் படிக்கருகே, ஒரு கறுப்புக் குடையோடு அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். மறைந்துகொள்ள ஒரு ஆள்கூட இல்லை.

"வாட்டி, அங்கன போய் டீ குடிப்போம்" என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டிப் பெங்களூர்க்காரியின் கையைப் பிடித்தேன். அதே நொடியில் டீச்சரும் எழுந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து, "ஆமா, அங்கன போவோம்" என்றாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெங்களூர்க்காரி சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் எதுக்கு இப்படி இழுக்கிய? அவன் படிக்கிட்ட நிக்கான். எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்துடி தெரியும்?"

"மூணு வருஷமா. ரயில் அந்தப் பக்கத்துல இருந்துதான உள்ள வருது. நான் கதவுல நிப்பேம்லா. மொதல்ல அவன் வருவான், அப்புறம்தான் நீங்க."

"பாத்துட்டு?" என்றாள் டீச்சர்.

"பாத்துட்டு என்ன? முடி கொட்டிட்டு. ஒரு தடவை கையில கட்டு போட்டிருந்தான். அன்னைக்கி ஒங்ககிட்டக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துது. அதுக்குள்ள ரயில் ஊதிட்டு."

டீ விற்கிறவர் தூக்கோடு வந்தார். அவள் அவரிடம், "நாலு" என்றாள். எங்களுக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு, கையை மாற்றி மாற்றிச் சூட்டைத் தாங்கிக்கொண்டு, இரண்டு காகிதக் கப்புகளோடு பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்தாள். நானும் டீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. குடையை மடக்கினான். அவள் கப்பை நீட்டினாள், அவன் இரண்டு கையாலும் வாங்கினான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பேசினார்களா என்பதே சந்தேகம். அங்கே சாரல் அடித்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக எங்கள் பெஞ்சுக்கு வந்தார்கள்.

நானும் டீச்சரும் எழுந்துகொள்ளப் பார்த்தோம். "இருங்க. நீங்க இருந்தாத்தான் நான் பேசுவேன்" என்றாள். அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்கிக் காலைல இருந்து சொல்லு. ஒண்ணு விடாம."

அவனுக்கு எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தான்.

"நாலரை மணிக்கு அம்மா முழிச்சிட்டாக்கா. கொசுவலையைத் தூக்கச் சொன்னா. அப்புறம் சன்னலைத் தொறக்கச் சொன்னா. எதிர்த்த வீட்டுல கோலம் போட்டுக்கிட்டிருந்தாவ. கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'புள்ளியைத் தப்பா வைக்கா'ன்னா."

"ம்."

"காப்பி கேட்டா. ரெண்டு மடக்கு குடிச்சா. சீனி பத்தலன்னா. இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்தேன், வேண்டாம்னுட்டா. ஒரு மாதிரி கண்ணை மூடிக்கிட்டா. தூங்குதான்னு நெனச்சேன். பேப்பர்க்காரர் பெல் அடிச்சாரு. எந்திரிச்சேன். என் பனியன்ல முதுகுப் பக்கம் ஓட்டை. அம்மா கண்ணைத் தொறந்து, 'இந்தப் பனியனோட வாசலுக்குப் போவாதலே'ன்னா. சரின்னு சட்டையை மாட்டிக்கிட்டுப் போயி பேப்பரை எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள..."

"அதுதான் கடைசியாச் சொன்னதா?"

"ஆமாக்கா."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த வாசலில் அவள் அழாமல் போனது எனக்குள் எங்கேயோ கிடந்து உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல. அவள் அழுதபோது அது அடங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சேலை கட்டியிருந்தா?" என்று கேட்டாள்.

அவன் விழித்தான். "ஞாபகம் இல்லையேக்கா." பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். மனைவியிடம், "அம்மா போன அன்னைக்கி என்ன சேலை கட்டியிருந்தா?" என்று கேட்டான். அந்தப் பெண் என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீலத்துல சின்னப் பூப் போட்டது" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "அதுக்கு மொத நாளு நான்தான் தலைக்கு ஊத்தி விட்டேன். சீயக்காய்தான் வேணும்னாவ. முடி காயுத வரைக்கும் வெயில்ல ஒக்காந்திருந்தாவ." பிறகு கேட்டாள்: "பக்கத்துல மதினி இருக்காவளா?"

"இருக்கேன்மா" என்றாள் பெங்களூர்க்காரி.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அவன் போனை அணைத்தான்.

"'வச்சிருக்கோம்'னு ஒனக்குச் சொன்ன வாயாலதான் 'சரி, எடுங்க'ன்னும் சொன்னேன்" என்றான். "பெரியப்பா சொன்னாவ, எல்லாரும் சொன்னாவ. ஆனா சரின்னு சொன்னது நான்தான்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா. நான் ஒண்ணும் திரும்பிப் போயிருக்க மாட்டேன். வழி பூரா அவ முகத்தை நெனச்சுக்கிட்டு வந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

"பயமா இருந்துச்சுக்கா."

"இதை நான் மறக்க மாட்டேன்லே."

"சரிக்கா."

"மறக்க மாட்டேன். ஆனா எத்தனை தடவைதான் ஒன்னயக் கதவுல நின்னு பாத்துட்டே போறது?"

கொஞ்ச நேரம் கழித்து அவன், அன்றைக்கு அவளுக்காக அம்மா முகத்தைப் போட்டோ எடுத்து வைத்ததாகவும், அனுப்பத் தைரியம் வரவில்லை என்றும், போன் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றி வைத்திருப்பதாகவும் சொன்னான். அவள் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "இப்ப வேண்டாம்" என்றாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிற்பாடு கேட்டு வாங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. எங்கே கிடந்ததோ, அப்படி வந்தது. டீச்சர் தன் அப்பா கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள். "மாடியில துணி காயுதுன்னாரு. அன்னைக்கி மாடியில துணியே காயப்போடல. ஆனாலும் நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்." என் அம்மா மத்தியானத் தூக்கத்திலேயே போனாள். நான் அப்போது அலுவலகத்தில் ஒரு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மின்விசிறி நின்றதா, பறவை ஏதாவது கத்தியதா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லை. அதை அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நான்கு பேரும் சாப்பிட்டோம். இறந்தவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் அவர்கள் எல்லாரும் பக்கத்துப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் எப்போது எடுப்பார்கள் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

மழை வெறித்து, வெளிச்சம் மஞ்சளாக வந்தபோது ரயில் ஊதியது. மணி பதினொன்று தாண்டியிருந்தது. அவள் ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். கதவில் நின்று தம்பியைப் பார்த்து, "சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. வீட்டுக்குப் போயி மாத்திட்டுக் கடைக்குப் போ" என்றாள். ரயில் நகர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் மேம்பாலப் படியேறி வெளியே வந்தோம். எங்கே போவது என்று தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றோம். அப்புறம் அவரவர் வேலைக்குப் போனோம்.

தை மாதத்தில் அவள் வந்தபோது தம்பி எங்களோடேயே நின்றான், மனைவியையும் கூட்டிக்கொண்டு. ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடத்தை அவர்களே பேசித் தீர்த்துவிட்டார்கள். "நாம எதுக்குடி வந்தோம்?" என்று திரும்பி வரும்போது டீச்சர் முணுமுணுத்தாள். உண்மையாகவே அவளுக்கு மனத்தாங்கல்தான். எனக்கும் கொஞ்சம் இருந்தது. சொல்லவில்லை.

சித்திரையில் அவள் இறங்கிவிட்டாள். எங்களுக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் தம்பி வீட்டிலிருந்து போன் செய்து சாப்பிட வரச் சொன்னாள். போனோம். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழையும்போது அடுப்படியில் அக்காவும் தம்பியும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சொதியில் உருளைக்கிழங்கு போடுவாளா, மாட்டாளா என்பதுதான் சண்டை. போடவே மாட்டாள் என்கிறாள் இவள். போடாமல் வைத்ததே கிடையாது என்கிறான் அவன். கரண்டியும் கையுமாக நடுவில் அவன் மனைவி நின்றாள்.

"நீங்க சொல்லுங்க. காலேஜ் படிக்கும்போது எத்தனை தடவை எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கியல்லா" என்று பெங்களூர்க்காரி எங்கள் பக்கம் திரும்பினாள்.

எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சொதியின் மணம் ஞாபகமிருந்தது, பரிமாறும்போது வளையல் முழங்கைக்கு ஏறியிருக்கும் அந்தக் கையும் ஞாபகமிருந்தது. கிழங்கு ஞாபகமில்லை. டீச்சர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு" என்றாள். "மொதல்ல சோத்தைப் போடுங்க. சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுதோம்."